லைஃப் ஜாக்கெட்டின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற மாதம் குடும்பத்தோடு ஓர் ஏரிக்குப் போயிருந்தோம். படகுத் துறையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்றை என் ஏழு வயது மகளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கான அளவு. மாட்டியதும் அவள் காதுவரை ஏறி நின்றது. மார்புக் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் சணல் கயிறு கட்டியிருந்தது. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். துணிச் சீட்டு தைத்திருந்த தடம் மட்டும் இருந்தது, எழுத்தைக் காணோம். கேட்டதற்குப் படகுக்காரர், "கணக்குக்குத்தான் சார், மாட்டிக்கொள்ளுங்கள். இங்கே ஆழமே இல்லை" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் எதைக் கொடுத்தார்களோ அதை அவர் எங்களிடம் கொடுத்தார். ஆனால் மகளை இறக்கிக் கூட்டிவந்துவிட்டேன். வீடு வரும்வரை அழுதாள்.

மனம் ஆறவில்லை. கடைத்தெருவில் 350 ரூபாய்க்கு அதே போன்ற ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். புத்தம் புதியது, பளபளவென்று இருந்தது. மாமாவின் மளிகைக் கடையிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல் இரண்டை இரவல் வாங்கி, அதில் கட்டி, எங்கள் பம்புசெட் தொட்டியில் விட்டேன். மாலையில் மிதந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டியின் அடியில் கிடந்தது. தூக்கிப் பிழிந்தேன், தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தையலைப் பிரித்தால் உள்ளே தலையணையில் வைக்கும் ஸ்பாஞ்ச்! நல்ல ஜாக்கெட்டின் ஃபோமில் ஒவ்வொரு காற்றுக் குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும், நீர் உள்ளே புகாது. ஸ்பாஞ்சில் எல்லாம் திறந்த வழி.

நான் செய்தது பெரிய ஆராய்ச்சி அல்ல. கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகளில் இதைவிடக் கடுமையான சோதனைகள் இருக்கின்றன. லைஃப் ஜாக்கெட்டை 24 மணி நேரம் நன்னீரில் மூழ்கவைத்து எடுத்தால், அதன் மிதப்புத் திறன் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. முன்பின் பார்த்திராதவர்களில் நான்கில் மூன்று பேராவது யார் உதவியும் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அதைச் சரியாக மாட்டிக்கொள்ள வேண்டும். நினைவிழந்தவரையும் அது மல்லாக்கத் திருப்பி, வாயைத் தண்ணீருக்கு மேலே நிறுத்த வேண்டும். வட்டமான மிதவை வளையம் என்றால் 14.5 கிலோ இரும்பை 24 மணி நேரம் தாங்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன அடைத்திருக்கிறார்கள் என்பதோடு விதி நின்றுவிடுவதில்லை, தண்ணீரில் அது என்ன செய்கிறது என்று கேட்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான கதை உண்டு.

1904 ஜூன் 15. நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிப் படகு தீப்பிடித்தது. ஜெர்மானியர் குடியிருப்பின் தேவாலயம் ஒன்று ஏற்பாடு செய்த உல்லாசப் பயணம் அது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகில் லைஃப் ஜாக்கெட்டுகள் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகளாகத் தொங்கி, உள்ளே இருந்த தக்கை பொடிப்பொடியாகிவிட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதை மாட்டித் தண்ணீரில் இறக்கிய தாய்மார்கள், பிள்ளைகள் மூழ்குவதைக் கண்ணால் பார்த்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அரசு ஆய்வாளர் ஒருவர் அந்தப் படகுக்குச் சான்று கொடுத்திருந்தார். அன்றைய விதி ஒரு ஜாக்கெட்டில் இத்தனை எடை தக்கை இருக்க வேண்டும் என்று சொன்னது. எடைதானே வேண்டும் என்று, தக்கை விற்ற ஒரு நிறுவனம் தக்கைக் கட்டைக்குள் இரும்புத் துண்டைச் செருகியிருந்தது அதன் பிறகு வெளியே வந்தது. மிதக்க வேண்டிய பொருளுக்குள் இரும்பு! அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர் படகின் கேப்டன் மட்டுமே.

நம் பக்கம் 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் "லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்களா?" என்றுதான் கேட்கிறோம். போட்டிருந்த ஜாக்கெட் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. அதிகாரிகளும் படகில் எத்தனை ஜாக்கெட் என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட்டால், எடையை மட்டும் பார்த்த அந்தப் பழைய விதிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே தைத்திருக்கும் சீட்டை. எந்தத் தரநிலை, எத்தனை நியூட்டன் (ஆளைத் தூக்கி மிதக்கவைக்கும் விசையின் அளவு), எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்று அதில் இருக்க வேண்டும். 50 நியூட்டன் என்று இருந்தால் அது நீச்சல் தெரிந்தவருக்கு, கரைக்கருகே, உதவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நீச்சல் தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவுதான், கால்களுக்கிடையே வரும் பட்டையோடு. இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே நழுவிவிடும். சீட்டு இல்லையென்றால் படகில் ஏறாதீர்கள், டிக்கெட் காசு போனாலும் போகட்டும். படகுத் துறை நடத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும், தேறாததை எல்லோர் கண்முன்னும் கழித்துக்கட்ட வேண்டும். உரிமம் கொடுப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் வாங்கியதைக் கத்தரியால் நான்காக வெட்டித்தான் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துப்போய்ப் பிள்ளைக்கு மாட்டிவிடுவார்கள்.