பசாலியாவின் சட்டமும் நம் வீடுகளும்

பிராங்கோ பசாலியா என்ற இத்தாலிய மனநல மருத்துவரைப் பற்றி நண்பர்கள் இங்கு வாதிடும்போது, இரு தரப்பாரும் அவருடைய பணியின் முற்பாதியையே பேசுகிறார்கள். மனநோய் வைத்தியசாலைகளின் கதவைத் திறந்த புரட்சியாளர் என்கிறார்கள் சிலர். நோயாளரைத் தெருவில் விட்டவர் என்கிறார்கள் மற்றவர்கள். கதவைத் திறந்த பிறகு அவர் எவற்றைக் கட்டியெழுப்பினார் என்ற கேள்விதான் யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்கு அவசியமானது என்பது என் உறுதியான எண்ணம்.

1924இல் வெனிஸில் பிறந்த பசாலியா, மாணவப் பருவத்தில் பாசிச எதிர்ப்பில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1961இல் யூகோஸ்லாவிய எல்லையோரமாக இருந்த கொரீற்சியா நகரின் மனநோய் வைத்தியசாலைக்குப் பணிப்பாளராக வந்தார். கட்டிவைக்கப்பட்ட நோயாளர்களின் பதிவேடு அவர் முன் நீட்டப்பட்டபோது அவர் கையொப்பமிட மறுத்தார். பூட்டுகளும் கட்டுகளும் ஒவ்வொன்றாக நீங்கின. மருத்துவரும் தாதியரும் நோயாளரும் ஒன்றாக அமர்ந்து அன்றாடம் பேசும் கூட்டங்கள் தொடங்கின.

1968இல், ஒரு நாள் விடுப்பில் வீடு சென்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். பசாலியா மீது வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் அவர் விடுவிக்கப்பட்டார். அவரைப் போற்றுவோர் இந்தச் சம்பவத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. விடுப்புக் கொடுத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது அந்த வீட்டில் இருப்பவருக்குத் துணையாக யாரை அனுப்புகிறோம் என்ற கேள்வியை அந்தப் பெண்ணின் மரணம் எல்லோர் முன்னும் வைத்துவிட்டது.

அதற்கான விடையைப் பசாலியா திரியெஸ்தே நகரில் தேடினார் என்றே நான் கருதுகிறேன். 1971இல் அவர் அங்கு பொறுப்பேற்றபோது சான் ஜியோவான்னி வைத்தியசாலையில் ஏறத்தாழ 1,200 பேர் இருந்தார்கள். கூலியின்றித் துப்புரவு வேலை செய்துவந்த நோயாளர்கள் கூட்டுறவுச் சங்கமாக இணைந்து முறையான சம்பளம் பெற்றார்கள். 1973இல் நோயாளரும் கலைஞரும் சேர்ந்து செய்த பெரிய நீலக் குதிரையை ஊர்வலமாக நகருக்குள் இழுத்துச் சென்றதைப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நகரின் பல பகுதிகளில் படிப்படியாகத் திறக்கப்பட்டு, பின்னாளில் இரவும் பகலும் இயங்கிய மனநல நிலையங்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அங்கு சில கட்டில்கள் இருக்கும். நோய் முற்றிய நாட்களில் ஒருவர் அங்கு தங்கலாம். தேறியபின் அதே ஊழியர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். என் பார்வையில் அவருடைய பணியின் உயிர்நாடி இதுவே.

1978 மே மாதம் இத்தாலிய நாடாளுமன்றம் 180ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய மனநோய் வைத்தியசாலைகளில் புதியவர்களைச் சேர்க்கக் கூடாது. பொது வைத்தியசாலைகளில் 15 கட்டில்களுக்கு மேற்படாத விடுதிகள் இருக்கலாம். கட்டாயச் சிகிச்சைக்கு இரு மருத்துவர்களின் கருத்தும் நகர முதல்வரின் உத்தரவும் வேண்டும். அதை நீதிபதி உறுதிப்படுத்த வேண்டும். பழைய மனநோய் வைத்தியசாலைச் சட்டத்தை நீக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பு ஒன்று நெருங்கிவந்ததால் அவசரமாக நிறைவேறிய சட்டம் அது. மாற்று நிலையங்களை அமைக்கும் பொறுப்பு பிராந்தியங்களிடம் விடப்பட்டது. சில பிராந்தியங்கள் அமைத்தன. பல பிராந்தியங்கள் ஆண்டுக்கணக்காக இழுத்தடித்தன. பசாலியாவோ 1980இல், 56 வயதில், மூளைக் கட்டியால் இறந்துபோனார். நிலையங்கள் அமையாத இடங்களில் அந்தச் சுமை முழுவதும் குடும்பங்களின் தலையில் விழுந்தது. இதற்கான பழியைச் சட்டத்தை அரைகுறையாகச் செயற்படுத்தியவர்களே சுமக்க வேண்டும்.

நம் நிலைமையைப் பாருங்கள். இலங்கையில் மனநோய் தொடர்பான சட்டத்தின் அடிப்படை பிரித்தானியர் 1873இல் எழுதியது. நாட்டின் பெரிய மனநோய் வைத்தியசாலை கொழும்பை அடுத்த அங்கொடையில் அமைந்தது. அந்த ஊரின் பெயரே நம் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. போர்க்காலத்தில் தெற்குக்கான பாதை மூடப்பட்டபோது அந்தப் பெயரும் எட்டாத தொலைவுக்குப் போயிற்று. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களையும் கிராம மட்டப் பணியாளர்களையும் பயிற்றுவித்து உருவாக்கிய சமூக மனநலப் பணி இங்கு இல்லாதிருந்திருந்தால் எத்தனை பேரை இழந்திருப்போம் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது. இன்று யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. கிளினிக்கில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கிளினிக் முடிந்து வீடு திரும்பிய பிறகு வரும் இரவுகளுக்குத்தான் யாரும் இல்லை.

என் பெரியம்மாவின் மூத்த மகனுக்கு இருபது வயதில் மனநோய் வந்தது. அண்ணாவைச் சந்நிதி முருகனிடமும் கூட்டிப்போனார்கள். கிளினிக்குக்கும் தவறாமல் கூட்டிப்போனார்கள். மருந்து எடுக்கும் நாட்களில் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பார். நிறுத்திவிட்டால் இரவிரவாக ஒழுங்கையில் நடப்பார், பெரியம்மா டோர்ச்சுடன் பின்னால் நடப்பார். அயலவர்கள் "விசர்" என்ற ஒற்றைச் சொல்லோடு படலையைச் சாத்திக்கொண்டார்கள். கண்ணில் புரை முற்றியும் பெரியம்மா சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டபடியே இருந்தார். ஓரிரு நாட்களுக்கு மகனைப் பொறுப்பாக விட ஓர் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய வீடுகளில் பராமரிப்பவர் பெரும்பாலும் ஒரு தாயாகவோ திருமணத்தைத் தள்ளிவைத்த சகோதரியாகவோ இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

பசாலியாவின் பெயரைச் சொல்லி மருந்தே வேண்டாம் என்று எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனநோய் என்ற ஒன்றே இல்லை என்று வாதிட்ட அமெரிக்க மனநல மருத்துவர் தோமஸ் சாஸுடன் அவரைச் சேர்க்காதீர்கள். நோயின் துன்பம் உண்மையானது என்பதைப் பசாலியா மறுத்ததில்லை. மனநல மருத்துவத்தின் எதிரி என்று தம்மை அழைப்பதையும் அவர் ஏற்கவில்லை.

ஆகவே 1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வேண்டும் என்று கேட்கும் நண்பர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன். அதனுடன், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஒவ்வொன்றிலும் இரவும் திறந்திருக்கும், சில கட்டில்களும் வீட்டுக்கு வரும் ஊழியர்களும் கொண்ட ஒரு நிலையமாவது அமைவதற்கான பணம் முதல் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும் என்றும் கேட்கிறேன். மாகாண சபைத் தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டு வீட்டுப் படலைக்கு வருகிறவர்களிடம் இதைத் தயவுசெய்து நீங்களும் கேளுங்கள்.