நாய் போகிற இடத்துக்கு ஆளும் போகணும்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி ஊர் வாட்ஸ்அப் குழுவில் எங்கள் வெள்ளச்சியின் படத்தைப் போட்டு, "மயில் பிடிக்கப் பழக்கிய நாய்களில் இதுவும் ஒன்று" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் படம் நான் எடுத்தது. பொங்கலன்று இதே பக்கத்தில் நானே போட்டது. வரப்பில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்துப் பட்டையில் கயிறு, கயிற்றின் மறுமுனை என் கையில். இப்போது சுற்றுகிற படத்தில் கயிறும் இல்லை, என் கையும் இல்லை. வெட்டியிருக்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

வாய்க்கால் மேட்டில் மூன்று தோட்டத்து நாய்கள் ஒரு மயிலைக் கொன்று ஒரு பையனையும் கடித்தது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வீடியோ கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி வரைக்கும் போய்விட்டது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதில் மூன்று நாய்கள் இருக்கின்றன. பெட்டை மயில் செத்துக் கிடக்கிறது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய பையன் தூக்குப்போசியை வீசிவிட்டு ஓடுகிறான். அந்த ஒன்றரை நிமிஷத்தில் நாய்களுக்குச் சொந்தக்காரர் என்று ஒரு ஆள் எங்கேயாவது தெரிகிறாரா? வேலிக்கு அந்தப் பக்கமாவது? ஒரு அதட்டல், ஒரு விசில், பேர் சொல்லி ஒரு கூப்பாடு கேட்கிறதா?

நான் சொல்வது இவ்வளவுதான். நாய் போகிற இடத்துக்கு ஆளும் போகணும். ஆள் போக முடியாத இடத்துக்கு நாயை அனுப்பக் கூடாது.

ஆனால் புதன்கிழமை கூடிப் பேசியவர்கள் எடுத்த முடிவு வேறு. தோட்டத்து நாய்கள் எல்லாவற்றையும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சங்கிலியில் கட்டிவைக்க வேண்டுமாம். யாரோ மூன்று நாயை அவிழ்த்துவிட்டுக் கோயமுத்தூரில் படுத்திருந்ததற்கு, பாடுபடுகிறவன் வீட்டு நாய்க்கெல்லாம் சங்கிலி.

வெள்ளச்சி என்ன வேலை செய்கிறாள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் கடலை, மீதி தென்னை. கடலை விதைத்த மறுநாளே மயில் வந்து வரிசை வரிசையாகக் கிளறிவிடும். நெல் பால் பிடிக்கிற சமயத்தில் கதிரை அப்படியே அலகால் உருவும். தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பது அதிகம். என் சின்ன வயதில் எங்கள் ஊரில் மயில் பார்க்கவேண்டுமென்றால் பழனிக்குப் போகிற வழியில் எங்கேயாவது பார்ப்போம். இன்றைக்கு ஓட்டு மேல் நிற்கிறது. மயிலைப் பிடிக்கிற நரியின் ஊளை கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள். இதே பாலக்காட்டில் சூலனூரில் மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறது, பறவைகளைப் பற்றி எழுதிய கே.கே. நீலகண்டன் நினைவாக. எனக்கு அதில் பெருமைதான். மயில் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என் கடலை மேல் ஆசை இருக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் ஐந்தரைக்கு நானும் வெள்ளச்சியும் வரப்பில் நடப்போம். முப்பது அடிக் கயிறு. அவள் வயலுக்குள் இறங்கமாட்டாள். வரப்போடு போவாள், மயில் தலையைத் தூக்கிப் பார்க்கும், அவள் இன்னும் நாலடி வைப்பாள், அது எழுந்து வேலிப் பனையில் போய் உட்காரும். நான் ஒரு விசில் அடித்தால் திரும்பி வந்து என் காலடியில் படுப்பாள். சாயங்காலம் இன்னொரு தடவை. இதற்கு எட்டு மாதம் பழக்கினேன். கடிப்பது, கவ்வுவது, துரத்திக்கொண்டு ஓடுவது எதுவும் கிடையாது. நாய் இங்கே தினமும் வருகிறது என்று மயிலுக்குத் தெரிந்தால் போதும்.

இது என் மூளையில் உதித்ததல்ல. மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். 2019இல் பேரன் பிறந்த சமயம் நானும் வீட்டுக்காரம்மாவும் ஆறு மாதம் போய் இருந்தோம். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஏரி, ஏரியைச் சுற்றி வெட்டிவிட்ட புல். அதில் கனடா கூஸ் என்கிற பெரிய வாத்துகள், கறுத்த கழுத்து, தாடையில் வெள்ளைப் பட்டை. ஒரு காலத்தில் குளிர் வந்தால் தெற்கே போய்விடுகிற ஜாதியாம். இப்போது பெருங்கூட்டம் அங்கேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் ஓரம், தின்னப் புல், நாலு பக்கமும் பார்வை மறைக்காத வெட்டவெளி. அப்புறம் ஏன் போகும்? நாள் முழுக்க மேயும், நாள் முழுக்க எச்சம் போடும். பேரனை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக முடியாது, நடைபாதை அப்படி இருக்கும். கிட்டே போனால் சீறிக்கொண்டு வரும். ஆனாலும் நினைத்தவர் நினைத்தபடி அதைக் கொல்ல முடியாது. 1918லேயே அதற்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஏரிக்கு ஒருவர் கறுப்பும் வெள்ளையுமான பார்டர் கோலி நாயோடு வருவார். ஆடு மேய்க்கிற ஜாதி. அது குரைக்காது. உடம்பைத் தாழ்த்தி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே பதுங்கிப் பதுங்கி வரும், ஓநாய் வருகிற மாதிரி. வாத்துகளுக்கு அந்தப் பார்வை ஒன்றே போதும், கூட்டமாகத் தண்ணீரில் இறங்கும். நாய் கரையில் நிற்கும். சொந்தக்காரர் விசில் அடித்தால் அந்தக் கணமே படுக்கும். ஒரு நாள் வந்துவிட்டு ஒரு வாரம் காணாமல் போனால் வாத்து திரும்பிவிடும் என்று சொன்னார். அதனால் தினமும் வருவார், வெவ்வேறு நேரத்தில் வருவார். மகள்தான் இடையில் நின்று எனக்கு மொழிபெயர்த்தாள்.

ஜூன் கடைசியில் அவர் வரவில்லை. வாத்துகள் குஞ்சும் குட்டியுமாக எங்கள் வாசல் வரைக்கும் வந்தன. என்னவென்று கேட்டால், அந்தச் சமயத்தில் இறக்கை உதிர்ந்து புதிது முளைக்குமாம், ஏறக்குறைய ஒரு மாதம் பறக்க முடியாதாம். பறக்க முடியாத பறவை மேல் நாயை விடக் கூடாது. அதனால் நிறுத்திவிட்டார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த வேலை புரிந்தது. நாயை எப்போது கூட்டிப்போவது என்பதைவிட எப்போது கூட்டிப்போகக் கூடாது என்று தெரிந்தவர்தான் நாய் வைத்திருக்கத் தகுந்தவர்.

அங்கே விமான நிலையத்தில்கூட நாய் வேலை பார்த்திருக்கிறது. ப்ளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் விமான நிலையத்தில் 1999இல் ஜெட் என்ற பார்டர் கோலியை ஓடுபாதைப் பறவைகளை விரட்டச் சேர்த்தார்கள். பறவையை அங்கே சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஒரு விமானத்தின் இரண்டு என்ஜினிலும் இதே கனடா கூஸ் புகுந்துதான் ஹட்சன் ஆற்றில் இறக்கினார்கள். 155 பேரும் பிழைத்தது பெரும் புண்ணியம்.

ஊருக்குத் திரும்பி வந்து நான் இதே ஒழுங்கைத்தான் வைத்துக்கொண்டேன். மயில் தரையில்தான் முட்டை வைக்கும், புதருக்கடியில். பெட்டை மட்டும்தான் நாலு வாரம் அடைகாக்கும். வேலியோரப் புதரில் பெட்டை படுத்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கமே வெள்ளச்சியைக் கூட்டிப்போகமாட்டேன். குஞ்சோடு வந்தால் கடலை போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை தப்பு நடந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், பழக்கிக்கொண்டிருந்த சமயம். வரப்பில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன், கயிறு கையை விட்டுப் போனது தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வாயில் ஒரு குஞ்சு. "விடு" என்றதும் விட்டுவிட்டாள், அது புதருக்குள் ஓடிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. அது வெள்ளச்சி செய்த தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து வரப்பில் போன் எடுப்பதில்லை. நாய் போன இடத்துக்கு அன்றைக்கு நான் போகவில்லை, அதுதான் விஷயம்.

இப்போது கேள்விகள். ஒரு தம்பி சட்டம் எடுத்துப் போட்டிருக்கிறார். மயில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது அதிகப் பாதுகாப்புள்ள பட்டியல், "வேட்டை" என்பதற்கான விளக்கத்தில் விலங்கை விரட்டி ஓட்டுவதும் சேர்ந்திருக்கிறது, அதனால் நீங்கள் செய்வதும் வேட்டைதான் என்கிறார். நானும் படித்தேன் தம்பி. வார்த்தை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் தகரம் தட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிற எங்கள் பெரியம்மாவும் வேட்டைக்காரிதானா? வனத்துறை என்னிடம் வந்து இதைச் செய்யாதே என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே நிறுத்துகிறேன். ஆனால் இந்தப் பக்கத்தில் குருணைப் பூச்சிமருந்து கலந்த நெல்லை வரப்பில் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

"முருகன் வாகனத்தை நாய் விட்டு விரட்டுகிறாயே" என்று ஒரு அக்கா. அக்கா, நாய் பைரவர் வாகனம். தேய்பிறை அஷ்டமிக்கு நீங்களும்தான் வடைமாலை சாத்துகிறீர்கள்.

"எல்லோருக்கும் உங்கள் மாதிரி நேரம் இல்லை." நேரம் இல்லையென்றால் நாய் வளர்க்காதீர்கள். இதற்கு மேல் எனக்குப் பதில் இல்லை.

"நாய் நாய்தான், எத்தனை பழக்கினாலும் ஒரு நாள் கடிக்கும்." இதற்கு நான் பதில் சொல்லவில்லை, எங்கள் அப்பா சொல்வார்.

நான் நாலாவது படிக்கும்போது எங்கள் வீட்டு நாய் பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையைக் கடித்துவிட்டது. ஆறு வயசுப் பெண். அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. குன்னூரில் செய்து வருகிற மருந்து என்பார்கள். அப்பா பதினாலு நாளும் அந்தக் குழந்தையைச் சைக்கிள் முன்பாரில் துண்டு போட்டு உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். உழவு நாள். ஏர் நின்றது. ஒரு நாள் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊசி போடும்போது அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அப்பாவும் அழுதார். அவளுடைய அப்பன், "நீங்க எதுக்குங்கண்ணா தினமும் வரோணும், நாயி கடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று கேட்டார். "நாயி கடிச்சா நாங் கடிச்ச மாதிரிதான் சாமி" என்றார் அப்பா.

இதற்கு இன்றைக்குச் சட்டத்தில் நம்பர் இருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதை 291, வளர்க்கும் விலங்கைக் கவனக்குறைவாக விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. அப்பாவுக்கு அந்த நம்பர் தேவைப்படவில்லை.

சங்கிலி பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம் பதினோராம் பிரிவைப் படியுங்கள். எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாயை நடக்க விடாமல் இருப்பதும் வதைதான் என்று அதில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் சங்கிலியில் கிடந்த நாயை ராத்திரி அவிழ்த்துவிட்டால் அது என்ன செய்யும்? அந்த மூன்று நாயும் அப்படி வளர்ந்தவைதானே. வாரத்துக்கு ஒரு நாள் வருகிற முதலாளி, ஒரு வேளை சோறு போடுகிற வாட்ச்மேன். மயில் வருகிறது என்றால் கேட்டைத் திறந்து "உஸ்" காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது. அந்த நாய்களுக்கு யாரும் ஒரு பேர்கூட வைக்கவில்லை. வாட்ச்மேனைக் கேட்டேன், "பெரிசு, சின்னது, கறுப்பு" என்றார்.

வெள்ளச்சிக்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் இருக்கிறது. வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட புத்தகம் இருக்கிறது. கருத்தடை செய்தாயிற்று. அந்த மூன்றுக்கும் ஊசி போட்டதா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

அந்த மூன்று நாய் இருக்கிற தோட்டம் முன்பு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அதன் வழியாகத்தான் நாங்கள் ஏர் ஓட்டிக்கொண்டு போவோம், ஆடு போகும், பள்ளிக்கூடம் போவோம். இன்றைக்குப் பத்தடிக் கல்வேலி, கேட், காமிரா. வாங்குகிறவர் வாங்கட்டும், விற்கிறவர் விற்கட்டும். ஆனால் வேலிக்குள் இருக்கிறவர் வெளியே இருக்கிறவனுக்கு ஒரு "எப்படி இருக்கான் பையன்?" கூடக் கேட்கமாட்டார் என்றால், அவரைக் கேள்வி கேட்கப் பயந்து என் நாய்க்குச் சங்கிலி போடச் சொல்கிறீர்கள் என்றால், எனக்கு வலிக்கத்தான் செய்யும். பொங்கல் படத்துக்கு இதயம் போட்டவர்களில் பாதிப் பேர் புதன்கிழமை கை தூக்கியிருக்கிறீர்கள். பேர் சொல்லமாட்டேன்.

படத்தை வெட்டிப் போட்டவர் முழுப் படத்தைப் போட்டுவிட்டால் போதும். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

பையனுக்கு வெறிநாய்க்கடி ஊசி போடப் பூஜ்யம், மூன்று, ஏழு, இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு. அவன் அப்பா காங்கேயத்தில் வேலைக்குப் போயிருக்கிறார், அம்மாவுக்கு அன்றைக்குக் கடலை பறிக்கக் கூலிக்குப் போகணும். ஏழரைக்கு நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அன்று காலை மட்டும் வரப்புக்கு வெள்ளச்சி வரமாட்டாள், வீட்டில் இருப்பாள். மயில் தின்பது தின்னட்டும்.