டொயோட்டா முறை ஜப்பானில் மட்டும்தான் எடுபடுமா?

டொயோட்டா முறை என்பது குறையை அங்கேயே சொல்லி உடனே சரிசெய்து கார் தயாரிக்கும் டொயோட்டா நிறுவனத்தின் முறை. "அது ஜப்பானியரின் ஒழுக்கத்தால்தான் ஓடுகிறது, வேறு நாட்டுத் தொழிலாளர்களிடம் எடுபடாது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கார் ஆலை, ஆள் வராமை, மோசமான தரம், ஓயாத தொழிற்சங்கத் தகராறு என்று பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜிஎம்மும் சேர்ந்து அதே இடத்தில் 'நுமி' ஆலையைத் தொடங்கின. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், சங்கமும் அதேதான். சீக்கிரமே தரம் ஜப்பான் ஆலைகளை நெருங்கியது.

அப்படியானால் மாறியது என்ன? நிர்வாகம்தான். முன்பு லைனை, அதாவது கார்கள் நகர்ந்தபடியே பூட்டப்படும் வரிசையை, நிறுத்துவது பெருங்குற்றம். நுமியில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் லைன் அருகே இருந்த எச்சரிக்கைக் கயிற்றை இழுக்க முடிந்தது. குழுத்தலைவர் ஓடிவந்து உதவினார், தீராவிட்டால் லைன் நின்றது. இழுத்தவரை யாரும் திட்டவில்லை. அப்புறம், ஆட்குறைப்பு கடைசி வழி என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோதும் ஆட்களை அனுப்பாமல் பயிற்சி கொடுத்தார்கள். இந்த வேலைப் பாதுகாப்பு இல்லாமல் யார் துணிந்து குறையைச் சொல்வார்கள்?

இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜிஎம் பல ஆண்டுகள் திணறியது உண்மை. கலிபோர்னியாவிலேயே இருந்த வான் நைஸ் ஆலையில் முயன்றும் பலிக்கவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்களும் நுமியைப் போலக் கலிபோர்னியத் தொழிலாளர்கள்தானே? அப்படியானால் வித்தியாசம் தொழிலாளர்களின் நாட்டில் இல்லை.