தட்டினால் விடணும்

"ஜூஜிட்சுவா? அதுல எப்படி அடிப்பாங்க?"

இந்த ஜப்பானியத் தற்காப்புக் கலையில் அடிக்க மாட்டோம் என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. அப்புறம் என்னதான் பண்ணுவீங்க? கட்டிப் புரளுவோம். அதோடு பேச்சு நின்றுபோகும். ஒன்றரை வருஷமாக வாரம் 3 நாள் போய்ப் புரண்டுகொண்டிருப்பவள் என்ற முறையில், இதற்கு ஒருதரம் ஒழுங்காகப் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும்.

முதல் நாள் வகுப்பில் உதையும் இல்லை, குத்தும் இல்லை. விழச் சொல்லிக்கொடுத்தார்கள். தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு தரையைத் தொடும் நேரத்தில் கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். அடுத்தது, மல்லாந்து படுத்துக் காலை ஊன்றி இடுப்பைப் பின்னால் உதறி நகர்வது. அதற்கு ஜப்பானில் 'எபி' என்று பெயர். இறால். வரிசையாக இருபது பேர் இறால் மாதிரி நகர்ந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, சிரிப்புதான் வரும். மூன்றாவதாகத் தட்டுவது.

"வலிக்குதா, மூச்சு முட்டுதா, இல்ல சும்மா பயமா இருக்கா, எதுவா இருந்தாலும் எதிர்ல இருக்கிறவங்க உடம்புலயோ மேட்லயோ ரெண்டு மூணு தடவை தட்டு. கை மாட்டிக்கிச்சுன்னா கால். காலும் மாட்டிக்கிச்சுன்னா வாய். தட்டினா விடணும். ஏன்னு கேக்கக் கூடாது" என்றார் மாஸ்டர். தலையாட்டிவிட்டு, எப்போது ஆளைத் தூக்கிப்போடச் சொல்லித்தருவார் என்று காத்திருந்தேன்.

இரண்டாம் வாரம் முதல்முறையாக நிஜமாக மல்லுக்கட்டினேன். ஜோடி எனக்கு 30 கிலோ கூட. பத்து நொடியில் என் விலா மேல் குறுக்காகப் படுத்துவிட்டார். அவர் வேறெதுவும் செய்யவில்லை, சும்மா படுத்திருந்தார். மூச்சை விட்டால் நெஞ்சு இறங்குகிறது, இறங்கிய இடத்தில் அவர் எடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுபடி இழுக்க இடமில்லை. அவர் தாடையிலிருந்து ஒரு சொட்டு வியர்வை என் கண்ணுக்குள் விழுந்தது, துடைக்கக் கை வரவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. தட்டலாம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்கள் கோபித்தாலும் பரவாயில்லை. "சின்ன ஆள் எவ்வளவு பெரிய ஆளையும் சாய்த்துவிடலாம்" என்று சொல்லி இந்தக் கலையை விற்கிறார்களே, அது பாதி உண்மை. 'ஜூ' என்றால் மென்மை, வளைந்துகொடுத்தல். சரிதான். ஆனால் என் அளவுக்கே தெரிந்த 80 கிலோ ஆளிடம் 52 கிலோ நான் வளைந்து மட்டும்தான் கொடுக்க முடியும். எடையால் ஒன்றும் இல்லையென்றால் போட்டிகளில் எடைப்பிரிவு எதற்கு? மீதிப் பாதி உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. எதிராளியின் கையை நீட்டிப் பிடிக்கும் ஆர்ம்பார் பிடியில் என் இரண்டு தொடை, இடுப்பு, முதுகு, இரண்டு கை எல்லாம் சேர்ந்து அவருடைய ஒரே ஒரு முழங்கை மூட்டுக்கு எதிராக வேலை செய்கின்றன. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் எடைக் கணக்கு மாறிவிடும். போய்ச் சேர்வதற்குத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது.

சரி, போய்ச் சேர எப்படிப் பழகுவது? இதைத் தேடிப் படித்தபோதுதான் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவிடம் வந்து நின்றேன். சின்ன உருவம், பள்ளியில் முரட்டுப் பையன்களிடம் மாட்டி முழித்தவர். அதனாலேயே ஜூஜிட்சு கற்கப் போனார். டென்ஜின் ஷின்யோ, கிட்டோ என்ற இரண்டு பழைய மரபுகளில் பயின்றார். 1882-இல் டோக்கியோவில் ஒரு புத்த கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில் கோடோகன் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் செய்ததில் என்னைக் கவர்ந்தது ஒன்றுதான். முழுபலத்தோடு செய்தால் ஆளைக் காலி பண்ணிவிடும் குத்து, உதை போன்றவற்றைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிட்டார். மிச்சமிருந்ததை, எதிராளி நிஜமாகவே எதிர்க்கும்போது பழகச் சொன்னார். 'ரண்டோரி' என்பது அதுதான். அவரிடமிருந்து வந்த மாணவர்களில் ஒருவரான மிட்சுயோ மயேடா பிரேசிலுக்குப் போய், அங்கே கார்லோஸ் கிரேஸி கற்றுக்கொண்டு, இன்று பாதி உலகம் பழகும் பிரேசிலிய ஜூஜிட்சு வந்தது தனிக்கதை.

ஆபத்தானதை எடுத்துவிட்டால் கலை நீர்த்துப்போகும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. "கண்ணைக் குத்து, தொண்டையில் வெட்டு" என்று தற்காப்பு வீடியோக்கள் நாள்தோறும் வருகின்றன. அதை யார் யாரிடம் பழகிப் பார்த்திருக்கிறார்கள்? வீடியோவில் வருகிற எதிராளி கையை நீட்டிக்கொண்டு, அடி விழும்வரை துணிக்கடைப் பொம்மை மாதிரி நிற்கிறான். ஒத்துழைக்காத ஒருவனிடம் அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்திராதவருக்கு அது வேலை செய்யுமா என்பது தெரியவே தெரியாது. எனக்கு ஒரு கழுத்துப் பிடி வேலை செய்யும் என்று தெரியும். அது 200 முறை தோற்ற பிடி என்பதால் தெரியும்.

தோற்றுத் தோற்றுப் பழக முடிவதற்கு ஒரே காரணம் அந்தத் தட்டல். கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாய்களையும் சரியாக அமுக்கினால் சில நொடியில் நினைவு போய்விடும். அப்படிப்பட்ட பிடியை ஒரே மாலையில் எட்டுப் பேர் என்மேல் முழுமனதோடு போட்டுப் பார்த்துவிட்டு, எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போகிறோம். தட்டல் இல்லாவிட்டால் இது முதல் நாளே முடிந்துபோகும் கலை.

அதனால்தான் 1951-இல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் நடந்ததை வீரக்கதையாகச் சொல்லும்போது எனக்கு ஒட்டவில்லை. கார்லோஸின் தம்பி ஹேலியோ கிரேஸியின் கையை ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுரா முறுக்கிப் பிடித்தார். ஹேலியோ தட்டவில்லை. எலும்பு முறிந்தது. அப்போதும் தட்டவில்லை. அவர் தரப்பிலிருந்துதான் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பிடிக்கே இன்று கிமுரா என்று பெயர். அது அவர்கள் இருவருக்கும் அன்றைய மானப்பிரச்சினை, இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்புக்கு அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வருவதைத்தான் சொல்கிறேன்.

நானும் தூக்கிக்கொண்டு போனவள்தான். ஆறாவது மாதம், எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண் என் கையை நீட்டிப் பிடித்துவிட்டாள். இவளிடமா தட்டுவது என்று ஒரு நொடி யோசித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். மூன்று வாரம் தலை சீவ இடது கைதான். கதவுத் தாழ்ப்பாளை இழுக்கும்போதெல்லாம் அவள் முகம் வரும். அவள்மேல் தப்பே இல்லை, நிதானமாகத்தான் பிடித்தாள்.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. பின்னாலிருந்து ஒருவர் கழுத்தைப் பிடித்திருந்தேன். முதல்முறையாகப் பிடி அச்சாக உட்கார்ந்திருந்தது, அந்தச் சந்தோஷம் எனக்கு. அவருடைய ஒரு கை என் காலுக்கடியில், இன்னொன்று என் கைக்குள். அவர் குதிகாலால் மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது. பக்கத்து ஜோடி புரளும் சத்தம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கும். மாஸ்டர் கத்தியதும் விட்டேன். அவர் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "பரவாயில்ல, பிடி நல்லா இருந்துச்சு" என்றார். எனக்குக் கை நடுங்கியது. அன்றிலிருந்து பிடி இறுகும்போது என் காது தானாகத் திறந்துகொள்கிறது. மூச்சு மாறுகிறதா, உடம்பு தளர்கிறதா, எங்கேயாவது தட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டேதான் இறுக்குகிறேன்.

போன வாரம் புதிதாக ஒரு பையன். கல்லூரி முதலாண்டு. மடிப்புக் கலையாத வெள்ளை பெல்ட். கை என்னிடம் முழுசாக நீண்டு மாட்டியிருக்கிறது, முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். நானே விட்டுவிட்டேன்.

"ஏன்க்கா விட்டீங்க? நான் தட்டவே இல்லையே."

கேட்டதில் பெருமைதான் இருந்தது. என் வலது கையை நீட்டிக் காட்டினேன். இன்னமும் அது கடைசி ஒரு விரற்கடை நீளாது. கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதுக்கு மேல நீளாதாக்கா?"

"நீளாது."

"சரி, இன்னொரு ரவுண்ட் போலாமா?"

போனோம். இந்த முறை ரொம்ப சீக்கிரம் தட்டினான், நான் இன்னும் பிடியே போடவில்லை.