ஐஸ்கிரீம் மட்டும் போதாது

ஞானப்பல் எடுத்தபின் என்ன செய்வது என்ற உங்கள் கட்டுரையை 'ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். போன ஆவணியில் எனக்குக் கீழ்த்தாடையில் அறுத்து எடுத்தார்கள், மூன்று தையல். ஐஸ்கிரீம் இரண்டாம் வேளையிலேயே திகட்டிவிட்டது.

உதடு மரத்துக் கிடந்ததால் வலியே இல்லை என்று மாத்திரையைத் தள்ளிப்போட்டது என் தப்பு. மரப்பு விட்டதும் காது வரை குத்தெடுத்தது. எழுதித் தந்த முதல் மாத்திரையை மரப்பு இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம். முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம் மட்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் மறுநாளிலிருந்துதான். அதையும் வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து வெளியே விட வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் பல் எடுத்த குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து எலும்பு தெரிந்துவிடலாம். மூன்றாம் நாள் வலி குறையாமல் ஏறினால் டாக்டரிடம் ஓடிவிடுங்கள், இதுவாக இருக்கலாம்.

சாப்பாடு? அம்மா குழைய வடித்த சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு மத்தால் கடைந்து, ஆறவைத்துத் தந்தார். மிளகு ரசம் கேட்டேன், கிடைக்கவில்லை. பாலில் ஊறிய இட்லி, ஆறிய ராகிக் கஞ்சி எல்லாம் சுகமாக இறங்கின. நாலாம் நாள், மெத்தென்றுதானே இருக்கிறது என்று ரவா உப்புமாவில் கைவைத்தேன். ஒரு கடுகு தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, ராத்திரி 12 மணிக்குக் கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.