ஹோ சி மின் கல்லறையில் சிவாஜியின் பெயரா?

வாட்ஸ்அப்பில் மறுபடியும் அந்தக் கதை சுற்றுகிறது. அமெரிக்காவை வென்ற வியட்நாம் அதிபர், “எங்களுக்கு வழிகாட்டியவர் சத்ரபதி சிவாஜி” என்று பேட்டி கொடுத்தாராம். தன் கல்லறையிலும் சிவாஜியின் படைவீரன் என்று எழுதச் சொன்னாராம். இன்னொரு பதிப்பில் சிவாஜிக்குப் பதில் மகாராணா பிரதாப். மற்றபடி அதே கதைதான்.

இது உண்மையல்ல. அதிபர் யார் என்றே அதில் இருக்காது. வட வியட்நாம் அதிபராக இருந்த ஹோ சி மின் என்று வைத்துக்கொண்டால், அவர் இறந்தது 1969 செப்டம்பர் 2. போர் முடிந்தது 1975 ஏப்ரல் 30. வெற்றிக்குப் பிறகு அவர் எங்கிருந்து பேட்டி கொடுப்பது?

கல்லறை விஷயமும் அப்படித்தான். தன் உடலை எரித்துவிடும்படி அவர் எழுதி வைத்திருந்தார். அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி கேட்கவில்லை. உடலைப் பதப்படுத்தி, ஹனோயின் பா தின் சதுக்கத்தில் பெரிய நினைவகம் கட்டி வைத்தது. முகப்பில் இருப்பது அவருடைய பதவியும் பெயரும் மட்டுமே.

வியட்நாமியருக்கு வீரர்களைக் கடன் வாங்கும் தேவையும் கிடையாது. 1288-இல் பாக் டாங் ஆற்றடியில் கூர்மையான மரக்கம்புகளை நட்டு, நீர் வடியும்போது மங்கோலியக் கப்பல்களைச் சிக்கவைத்தவர் சான் ஹுங் தாவ். 1954-இல் தியென் பியென் ஃபூவில் பிரெஞ்சுப் படையை முறியடித்த தளபதி வோ நுயென் யாப், அதற்கு முன் சரித்திர வாத்தியார்!

ஹோ சி மின் 1958-இல் இந்தியா வந்து நேருவைச் சந்தித்தது மட்டும் நிஜம்.