பூப் படம் போட்டது குற்றமா?

நேற்று என் செம்பருத்திப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். "தோழி சாகக் கிடக்கிறாள், உனக்கு லைக் கேட்குதா?" கேட்டவர் எங்கள் கல்லூரி செட்தான். பிறகு அழித்துவிட்டார். நான் படித்துவிட்டேனே.

முதலில், அவள் சாகக் கிடக்கவில்லை. கேன்சருக்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்து 13 நாள் ஆகிறது. நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுவின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் புது மஜ்ஜை வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். முந்தாநாள் 40. நேற்று 120. ஏறுகிறது. சாகக் கிடக்கிறாளாம்!

அவள் இருக்கும் ஆஸ்பத்திரி அறைக்குள் பூ கொண்டுபோகக் கூடாது. பூவிலும் ஜாடித் தண்ணீரிலும் இருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் நம்மை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்புக்கு ஆபத்து. தலையில் முடி இருந்தவரை பூ இல்லாமல் வாசல்படி தாண்டாதவள் அவள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நூறு கிராம் மல்லிக்கு அரை மணி நேரம் பேரம் பேசி, பஸ்ஸைக் கோட்டைவிட்டு, ஹாஸ்டல் வார்டனிடம் என்னையும் சேர்த்துத் திட்டு வாங்க வைத்தவள். அதனால் தினமும் விடிந்ததும் ஒரு பூவைப் படமெடுத்து அனுப்புகிறேன். "வாசனை வரலைடி" என்று பதில் வரும். அது வந்தால்தான் எனக்கு அன்றைய காபி இறங்கும்.

"படம் எடுத்தால் கேன்சர் போய்விடுமா?" என்று இன்னொருவர். போகாது சார். சமயபுரத்தில் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்துகிறவர்களிடம் போய் இதைக் கேட்பீர்களா? அவர்களும் கண் டாக்டரிடம் போய்க்கொண்டுதான் அதைச் செய்கிறார்கள். எனக்கு வெள்ளி வாங்க வசதியில்லை. மொபைல் இருக்கிறது.

"அவளுக்கு மட்டும் அனுப்பலாமே, ஊருக்கு எதற்கு?" சரி, இது கொஞ்சம் நியாயம். ஆனால் அவளைக் கேட்டுத்தான் போட்டேன். பெயர் இல்லை, முகம் இல்லை, பூ மட்டும்தான். லைக் விழுந்தால் எனக்குப் பிடிக்கும்தான், பொய் சொல்லவில்லை. உங்கள் கமெண்ட்டுகளை ராத்திரி அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். நேற்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன்.

"சாகக் கிடக்கிறாள்" என்று எழுதிய அளவுக்கு அக்கறை உள்ளவர் இந்த நாலு மாதத்தில் அவளுக்கு ஒரு போன் செய்தாரா? பிளேட்லெட் கொடுக்க ஆள் வேண்டும் என்று குரூப்பில் கெஞ்சினோமே, கும்பிடு ஸ்டிக்கர் போட்டுவிட்டுப் போனார். அவர் ஸ்டிக்கர் போட்டால் பிரார்த்தனை, நான் செம்பருத்தி போட்டால் விளம்பரம்.

போகட்டும். நாளைக்கு அவளுக்குப் பூசணிப்பூ வேண்டுமாம். மார்கழியாக இருந்தால் வாசலுக்கு வாசல் சாணி உருண்டையில் செருகியிருக்கும், இப்போது எங்கே போவேன்? மதுரைக்குள் யார் வீட்டிலாவது கொடி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வெயில் ஏறினால் சுருங்கிவிடும், ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன்.